கிடங்கிலிருந்து பறந்த ஈசல்

உடைந்த புற்றின் வாயில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தால், காளானும் ஈரமண்ணும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை வரும். ஊர் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியும் ஊறுகிற தோலும் நாறிக்கொண்டிருந்த ஆம்பூரில், என் பத்து வயதில், நாற்றமில்லாத காற்று வேண்டுமென்றால் நான் போய் நின்ற இடம் அந்தப் புற்றுதான். மூக்கை எடுத்துவிட்டுக் காதை வைத்தால் உள்ளே ஒரு சத்தம் கேட்கும், காய்ந்த சருகை விரல் நுனியால் தட்டுகிற மாதிரி, விட்டுவிட்டு. பெரிய தலைக் கரையான்கள் தலையால் சுவரை இடித்து, ஆள் வந்திருக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி சொல்கிற சத்தம் அது என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் மண்ணைத் தொட்டால் தட்டுகிறார்கள், அசையாமல் நின்றால் நிறுத்துகிறார்கள் என்பதுதான்.

சின்ன வயசு ஞாபகம் என்று எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் இனிக்க இனிக்க எழுதுகிறார்கள். எழுதட்டும், நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தப் புற்றை நினைத்தால் இனிக்காது, வயிறு எரியும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எரிகிறது. ஏனென்றால் அந்தப் புற்று விஷயத்தில் என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கினார்கள், அவள் சொன்னது முழுக்க உண்மை என்று தெரிந்தே ஆக்கினார்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் 'ஷாப்பு' என்போம். பாலாற்றங்கரையில் வரிசையாக ஷாப்புகள். என் நைனா, அதாவது அப்பா, அதில் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தார். அம்மா கன்னியம்மாள் அதே ஷாப்புக்குப் பட்டை போட்டாள். பட்டை என்றால் ஆவாரம்பட்டை. அந்தப் பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதன் துவர்ப்பில்தான் அக்காலத்தில் தோலைப் பதப்படுத்தினார்கள். பொழுது விடியுமுன் பத்துப் பெண்கள் அம்மாவின் பின்னால் மலையடிவாரத்துக்குப் போய், ஆவாரஞ்செடியை வெட்டி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டி, பட்டையை உரித்து, பாறை மேல் காயவைத்து, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். வாசலில் மேஸ்திரி நிற்பார். ஒவ்வொரு கட்டிலிருந்தும், மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று மூன்று பட்டையை உருவி ஒடித்துப் பார்ப்பார். காய்ந்த பட்டை 'படக்' என்று முறியும். ஈரப் பட்டை முறியாது, வளையும். வளைந்தால் அந்தக் கட்டு அப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான், யார் கெஞ்சினாலும் நடக்காது. இந்த ஒடித்துப் பார்க்கிற வழக்கத்தை வாசகர்கள் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் நடந்த அக்கிரமம் இதை வைத்தால்தான் விளங்கும்.

மேஸ்திரியின் பேரைச் சொல்லமாட்டேன். அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்!

ஷாப்பின் பின்பக்கம், பட்டை காயப்போடும் களத்தை ஒட்டி, என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரத்தில் அந்தப் புற்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு வீட்டுக்குத் திரும்புவதற்காக அங்கே காத்திருப்பேன். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடியும் வாய்ப்பாடும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் நான் கற்றது அந்தப் புற்றில்தான். குச்சியால் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை போடுவேன். முதலில் வெளியே வருவது பெரிய தலைக்காரர்கள். அவர்கள் ஓட்டையைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். விரலை நீட்டினால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள், தலையைப் பிய்த்தாலும் பிடி விடாது. அவர்கள் நிற்கும்போதே பின்னால் வெள்ளை வெளேரென்று வேலைக்காரக் கரையான்கள் ஒவ்வொன்றாக வந்து, வாயில் கொண்டுவந்த ஈர மண்ணை ஓரத்தில் ஒட்டிவிட்டு, தள்ளிப்போய் அடுத்ததுக்கு இடம் விடும். எவனும் நின்று வேடிக்கை பார்க்கமாட்டான், எவனும் இன்னொருவனை ஏவமாட்டான். ஓட்டை சுருங்கிச் சுருங்கி, காவலுக்கு நின்றவர்களும் உள்ளே நழுவி, கடைசி மண் விழுந்து மூடிவிடும். அம்மா களத்திலிருந்து கூப்பிடுவாள்.

"ஏய் தனம், புத்துல இன்னாடி கீது? உன் மாமியா ஊடா அது? எழுந்து வா!"

மாமியார் வீட்டில்கூட அவ்வளவு ஒற்றுமை இருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

வருஷம் முழுக்கப் பார்த்தேன். ஐப்பசி மழை விழுந்து மண் நனைந்தால் புற்று வளரும். உச்சியில் புதிதாகச் சிவப்பு ஈரமண் கோபுரம் ஒரே ராத்திரியில் ஒரு சாண் எழும்பியிருக்கும். தை மாசியில் வேலை நிதானமாக நடக்கும். பங்குனி பிறந்து வெயில் ஏற ஏற, நான் போட்ட ஓட்டையை மூட வருகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். சித்திரையில், கத்திரி வெயிலில், எங்கள் வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, அப்போது ஓட்டை போட்டால் அப்படியே கிடக்கும். தட்டுகிற சத்தமும் கேட்காது. உடைத்துப் பார்த்தால் தேனடை மாதிரி இருக்கும் 'புற்றாஞ்சோறு' காய்ந்து பொடியாக உதிரும். முதல் வருஷம் நான் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் செத்துப்போய்விட்டது என்று அழுதேன். அம்மா சிரித்தாள்.

"அட பைத்தியம், சாவறதுக்கு அது இன்னா மனுசனா? வெயில் ஜாஸ்தி ஆனா கீழ எறங்கிடும். தண்ணி கீற எடம் வரைக்கும் தோண்டிக்கினு போய் குந்திக்கும். மழ வரட்டும், பாரு."

நம்பிக்கை இல்லாமல், ஒரு நாள் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் ஊற்றினேன். மறுநாள் காலையில் போனபோது ஓட்டை ஈர மண்ணால் அடைத்திருந்தது. அப்படியானால் இருக்கிறார்கள், காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து வயசுப் பெண்ணுக்கும் எழுத்து வாசனை அறியாத ஒரு பட்டைக்காரிக்கும் தெரிந்திருந்த இந்தச் சின்ன விஷயம், நாற்பது ஆள்களைக் கட்டி மேய்த்த மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

அடுத்த சித்திரையில் முதலாளி ஒரு புதுப் பட்டைக் கிடங்கு கட்டச் சொன்னார். களத்தை ஒட்டி, புற்று நின்ற இடம்தான் மேடு, அங்கே தண்ணீர் தேங்காது. மேஸ்திரி கடப்பாரையோடு வந்து புற்றை உடைத்தார். முழங்கால் ஆழம் தோண்டினார். காய்ந்த அடைகளும் வெறும் வழிகளும்தான் இருந்தன, ஒரு உயிர்கூட இல்லை. "செத்துப்போச்சி, செல்லு எல்லாம் காலி" என்றார். எங்கள் பக்கத்தில் கரையானைச் 'செல்லு' என்றுதான் சொல்வார்கள். சுமையை இறக்கிவிட்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். போகவில்லை.

"மேஸ்திரி, அது சாவலீங்க. ஆள் ஒயரம் கீழ எறங்கியிருக்கும். தாய்ச் செல்லு உள்ளதான் கீது. பேரணாம்பட்டு மலைலேர்ந்து ஈசல் புடிக்க இருளருங்க வருவாங்க பாருங்க, அவங்களுக்குத் தாய எடுக்கத் தெரியும். ஒரு ஆளு உட்டு சொல்லி அனுப்புங்க. தாய எடுக்காம மேல கட்டாதீங்க."

"நீ பட்டை போட வந்தியா, எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்றார் மேஸ்திரி. "ஒரு பூச்சிக்காவ கிடங்கு வேல நிக்கணுமா? பேஜார் பண்ணாம போ."

அதோடு விட்டாரா? புற்றுமண் தரைக்கு நல்லது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அடுப்புக்கும் களத்துக்கும் தேடிப்போய் எடுத்துவருவார்கள். கரையான் எச்சிலில் குழைந்த அந்த மண் காய்ந்தால் கல்லாக இறுகும். உடைத்த புற்று மண்ணையெல்லாம் அங்கேயே குழைத்து, திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து, கிடங்குக்குத் தரை போட்டார். தரை என்றால் தரை, அப்படி ஒரு தரை! வழவழவென்று, முகம் தெரிகிற மாதிரி. பக்கத்து ஷாப்பு ஆள்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆக, கரையானின் வீட்டை இடித்து, அது கட்டின மண்ணையே எடுத்து, அது உட்கார்ந்திருக்கும் தலைக்கு மேலேயே தரையாகப் போட்டு, அதன்மேல் அதற்குத் தின்பதற்குப் பட்டையையும் அடுக்கினார். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்கள். இங்கே மேஸ்திரி குடிபுகுந்தார், அவ்வளவுதான்.

ஆடியிலிருந்து புரட்டாசி முடிய அம்மாவும் அந்தப் பத்துப் பெண்களும் கிடங்கை நிரப்பினார்கள். மழைக்காலத்தில் பட்டை காயாது என்பதால் அதற்குள் நிரப்பியாக வேண்டும். அம்மா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். கட்டுகளைத் தரையில் வைக்கவேண்டாம், கீழே கல் அடுக்கி, மேலே பனங்கை போட்டு, அதன்மேல் அடுக்கலாம் என்றாள். மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் தரைல ஊசி எறங்காது, செல்லு எங்கருந்து வரும்? அதுவும் தொவர்ப்பு பட்டைய எந்தப் பூச்சியும் தொடாது" என்றார். அடிவாரத்தில் பட்டுப்போன ஆவாரங்கட்டைகளில் கரையான் மண்கூடு கட்டித் தின்றிருப்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மேஸ்திரி மலைக்குப் போனால்தானே தெரியும்! வாசலில் நின்று கட்டுக்கு மூன்று பட்டை ஒடித்து, 'படக், படக், படக்' என்று முறிந்தபின்தான் ஒவ்வொரு கட்டையும் உள்ளே விட்டார். கூரைவரை நிரம்பியது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றி, நான்காம் நாள் விடியற்காலையில் வெறித்து, வெயில் சுள்ளென்று அடித்தது. அன்று பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவோடு ஷாப்புக்குப் போயிருந்தேன். களத்தில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், பூட்டின கிடங்கின் கதவிடுக்கிலிருந்தும் கூரை ஓட்டுச் சந்துகளிலிருந்தும் ஈசல் புகை மாதிரி கிளம்பிப் பறந்துகொண்டிருந்தது. ஆயிரம் ஆயிரமாக! காக்கையும் மைனாவும் வந்து மொய்த்தன. தொட்டி வேலைக்காரர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு முறத்தையும் துணியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பிடித்தார்கள். ஒரே சிரிப்பும் கும்மாளமும். எவனோ அங்கேயே சட்டியை வைத்து அரிசியோடு சேர்த்து வறுக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சிடி தனம்," என்றாள். "மேல வந்துட்டுதுடி."

ஈசல் என்பது வேறு பூச்சி இல்லை, சிறகு முளைத்த கரையான்தான். தாய் உயிரோடு இருந்து, பல வருஷம் பெருகித் தழைத்த பழைய குடித்தனத்திலிருந்துதான் அது கிளம்பும். முதல் மழை எப்போது விழும் என்று உள்ளேயே காத்திருந்து, மண் இளகின மறுநாள் வழியைத் திறந்துகொண்டு வெளியேறும். நேற்று வந்து ஒட்டின கரையானுக்கு ஈசல் பிறக்காது. ஆக, கிடங்குக்குக் கீழே அந்தப் பழைய புற்று சாகாமல் இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்தச் சாட்சியைத்தான் எல்லாரும் வறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

முதலாளியை அழைத்துவந்து கதவைத் திறந்தார்கள். பார்வைக்கு எல்லாக் கட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. மேஸ்திரிக்கு முகம் தெளிந்தது. ஒரு கட்டைத் தூக்கினார், கையோடு வந்தது மண். கட்டின் வடிவம் இருந்தது, உள்ளே பட்டை இல்லை. அடுத்ததைத் தூக்கினார், அதுவும் அப்படித்தான். கீழ் வரிசைகள் முழுக்கப் போய், மேல் வரிசைகளில்தான் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்கதான் முதலாளி! ஈரப் பட்டைய கொண்டாந்து போட்டுட்டாளுங்க. ஈரத்துக்குதான் செல்லு வந்துச்சி. கட்டுலயே மலைலேர்ந்து செல்லு ஏறி வந்துச்சி!"

அம்மா சத்தம் போடவில்லை. "நீங்களேதானே மேஸ்திரி ஒடிச்சிப் பாத்து உள்ள உட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மேல காஞ்சிருந்துச்சி, உள்ள ஈரம். நான் எல்லா பட்டையுமா ஒடிப்பேன்?"

மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று! பத்துப் பெண்களும் பார்த்தார்கள், தொட்டி ஆள்கள் பார்த்தார்கள், நைனா பார்த்தார். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்கள் நடுவில் புகுந்து, "கட்டுலேர்ந்து வர்ல முதலாளி, தரைலேர்ந்து வந்துச்சி, வந்து பாருங்க" என்று கத்தினேன். மேஸ்திரி என்னைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, "இன்னா பாப்பா, காட்டு" என்று உள்ளே வந்தார்.

காட்டினேன். தரையிலிருந்து புறப்பட்ட மண் வழிகள் கீழ்க் கட்டு ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஏறியிருந்ததைக் காட்டினேன். மேலே போகப் போக வழி மெலிந்து, உச்சிக் கட்டுகளில் வழியே இல்லாததைக் காட்டினேன். மலையிலிருந்து கட்டோடு வந்திருந்தால் மேல் கட்டிலும் இருக்கவேண்டுமே! அவர் கையிலிருந்த தடியின் பூணால் அந்த வழவழப்பான தரையை ஓர் இடத்தில் குத்தினார். மண் உள்வாங்கியது. ஓட்டைக்குள்ளிருந்து பெரிய தலைக்காரர்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு சுற்றிலும் நின்றார்கள். அவர்கள் பின்னால், நான் புற்றில் பார்த்த அதே வெள்ளை வேலைக்காரர்கள், ஈர மண்ணோடு வந்து அடைக்க ஆரம்பித்தார்கள். முதலாளி குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியிடம் தாழ்ந்த குரலில், "தரைலேர்ந்துதானேப்பா வருது?" என்று கேட்டார். என் காதால் கேட்டேன்.

மேஸ்திரி நிமிர்ந்து நின்றார். "அப்போ நான்தான் தப்புன்றீங்களா முதலாளி? சொல்லிடுங்க. நான் போய்ட்றேன். என் ஆளுங்களும் வந்துடுவாங்க." தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. நாற்பது ஆள் ஒரே நாளில் கிளம்பினால் அத்தனை தோலும் அழுகிவிடும். பட்டைக்காரிகள் கிளம்பினால் ஒன்றும் அழுகாது, வேறு பட்டைக்காரிகள் வருவார்கள். முதலாளி கெட்டவர் இல்லை என்று நைனா கடைசிவரை சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. தெரியாமல் செய்தார் என்றால்கூட மன்னித்திருப்பேன். அந்த மனிதர் குனிந்து, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லிவிட்டு, பிறகு நிமிர்ந்து, "இந்தப் பொம்பளைங்க இனிமே பட்டை போடவேணாம்" என்றார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் பெரியவர்கள் ஏதோ ஆறுதல் மாதிரி சொல்லிவைத்திருக்கிறார்கள். ஏன் ஏறாது? அம்பலம் வரைக்கும் ஏறியது, அம்பலத்தில் இருந்தவர் காது கொடுத்தும் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் இறக்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி சொல்லி அனுப்பினார். ஷாப்பு வாசலில், எல்லார் முன்னாலும், "ஈரப் பட்டைதான், தெரியாம போட்டுட்டோம், மன்னிச்சிடுங்க" என்று காலில் விழுந்து சொல்கிறவர்கள் மறுபடி பட்டை போடலாமாம். மழைக்காலம், வயல் வேலையும் இல்லை. பத்துப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, வீட்டில் குழந்தைகள் கிடந்தன. போகிறபோது ஒவ்வொருத்தியும் எங்கள் வாசலில் நின்று, "நீயும் வா யக்கா, ஒரு வார்த்ததானே, இன்னா கொறஞ்சிடப் போவுது" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அம்மா கதவடியில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

நைனாவும் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"சொல்லிட்டு வந்துடு கன்னிம்மா. நான் அந்தாளுகிட்டதான் தெனமும் வேல செய்யணும். என்னிக்கி என்னயும் போடான்னுடுவானோ."

"நீ பாத்த இல்ல?" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

"ஒடிச்சது பாத்த. முறிஞ்சது பாத்த."

"பாத்தேன், அதுக்கு இன்னா இப்போ?"

"அப்ப நீ போய் சொல்லு. காஞ்ச பட்டைய ஈரப் பட்டைன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன். நாளைக்கு இந்தப் பொண்ணு என்ன எதுல நம்பும்?"

நைனா போய்ச் சொல்லவில்லை. எதையும் சொல்லவில்லை. சுண்ணாம்பில் வெந்த காலோடு அடுத்த பதினைந்து வருஷம் அதே தொட்டியில் இறங்கினார். நல்ல மனிதர், எங்களை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் என் அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசவேண்டிய நாளில் பேசவில்லை, அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அம்மா அதற்கப்புறம் மலைக்குப் போகவில்லை. பீடி சுற்றக் கற்றுக்கொண்டாள். கொட்டாப்புளி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு இலை மடிப்பது லேசில் வரவில்லை. கிழித்துக் கிழித்துப் போட்டாள், ஏச்சு வாங்கினாள், கடைசியில் வந்துவிட்டது. குனிந்தே உட்கார்ந்ததில் நாற்பது வயசுக்குள் கூன் விழுந்தது. ஊர் அவளை விட்டதா? மேஸ்திரி வைத்த பேர் தெருவுக்கு வந்தது. தண்ணீர் எடுக்கப் போனால், "ஏய் ஈரப்பட்டை, தள்ளு" என்பார்கள். என்னை "ஈரப்பட்டை பொண்ணு" என்றார்கள். காலில் விழுந்து சொல்லிவிட்டு வந்த பத்துப் பேருக்கு அந்தப் பேர் இல்லை. சொல்லமாட்டேன் என்றவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்! நான் கல்லை எடுத்து எறிந்திருக்கிறேன், ஒருத்தியின் குடத்தை உடைத்திருக்கிறேன். அம்மா எனக்கு முதுகில் ரெண்டு வைத்து, "போய் படிடி" என்று பள்ளிக்கூடத்துக்குத் துரத்துவாள்.

படித்தேன். வாத்தியாரம்மா ஆனேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன். புத்தகத்தில் கரையானைத் தீமை செய்யும் பூச்சி என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அந்த வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, மூடிவைத்துவிட்டு, சித்திரையில் அது எங்கே போகிறது, ஐப்பசியில் எப்படி வருகிறது, ஓட்டை விழுந்தால் யார் முதலில் வந்து நிற்பது என்று சொல்லிக்கொடுப்பேன். ஓட்டையைப் போட்டவன் ஒருவன் இருக்க, அடைக்க வந்த பூச்சியின்மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். டீச்சருக்குக் கரையான் மேல் என்ன இவ்வளவு பாசம் என்று பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

இப்போது அந்த ஷாப்பு இல்லை. இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டிவிட்டார்கள். களம் இல்லை, கிடங்கு இல்லை, புற்று இருந்த மேடு தார் ரோடாகிவிட்டது. மற்ற ஷாப்புகளிலும் ஆவாரம்பட்டை போய்விட்டது; ஏதேதோ மருந்து வந்து, பதனிட்ட தோல் நீல நிறத்தில் வண்டியில் போகிறது. பாலாற்றில் மணலும் இல்லை தண்ணீரும் இல்லை, கலர் கலராகச் சாக்கடைதான் ஓடுகிறது. அம்மா, நைனா, மேஸ்திரி, முதலாளி, அந்தப் பத்துப் பெண்கள், ஒருவர் பாக்கியில்லாமல் போய்விட்டார்கள்.

போன மாதம் மழைக்கு என் வீட்டு வாசற்கால் ஓரத்தில் மண் வழி ஏறியது. எனக்கு அதைக் கலைக்க மனசில்லை, என் மகன்தான் பிடிவாதமாக மருந்து அடிக்க ஆள் சொல்லி அனுப்பினான். இருபத்தைந்து வயசு இருக்கும், நல்ல பிள்ளை, தோளில் மருந்து டப்பாவோடு வந்து வாசலில் நின்றான்.

"ஆயா, ஈரப்பட்டை ஊடு இதுதானே? தெருமுனைல அப்படித்தான் சொன்னாங்க."

கதவைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, என் அம்மா இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படியே, சத்தம் போடாமல் சொன்னேன்.

"அது காஞ்ச பட்டைப்பா."

அவன் டப்பாவைக் கீழே இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பட்டைன்னா இன்னா ஆயா?" என்று கேட்டான்.